மஞ்சு தவழும் முக்கூர்த்தி

நுழையும்முன்

மலைக்குச் செல்வோருள் பலர், மூடுபனி சூழ்ந்துவிட்டால் 'இன்று ஒன்றும் தெரியவில்லை' என்று மனம் வாடித் திரும்புகின்றனர். ஆனால், காட்சியை மறைப்பதாக நாம் கருதும் அம்மூடுபனியே மலைக்காட்டை வளர்க்கிறது, ஓடைகளுக்கு நீரூட்டுகிறது. நீலகிரி மாவட்டத்தின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் மூடுபனி எவ்வாறு பிறக்கிறது, யாருக்கு உதவுகிறது, அதனூடே செல்வோர் எவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும் என்பனவற்றை விளக்குகிறது இக்கட்டுரை.

நகரத்துப் பனி

மார்கழித் திங்களின் விடியற்காலையில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் மீது மெல்லிய வெண்படலம் ஒன்று தங்கி நிற்பதைச் சில நாள்களில் காணலாம். அடையாற்றின் கழிமுகத்தையொட்டிய மரங்களும் அவ்வேளையில் மங்கலாகவே தோன்றும். முகிலற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. நிலத்தைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்கி நிற்க இயலாது. எனவே, அந்நீராவியின் ஒரு பகுதி நுண்துளிகளாக மாறிப் பனிப்படலமாகிறது. கதிரவன் மேலெழுந்து நிலம் சூடேறியதும் அது கலைந்துவிடுகிறது.

போகி நாளில் பழம்பொருள்களை எரிக்கும் புகையும் இப்பனியோடு கலந்துவிடுவதால், மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க இயலாமல் காலம் தாழ்ந்ததும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் தொலைவு ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்தால் அதனை 'மூடுபனி' என்றும், அதற்கு மேற்பட்டால் மென்பனி என்றும் வானிலையாளர் பகுப்பர்.

சென்னையில் ஆண்டிற்குச் சில நாள்களே தோன்றும் மூடுபனி, நீலகிரியின் மேற்கு விளிம்பில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாள்தோறும் வந்து தங்குகிறது. அது பிறக்கும் முறையும் வேறு. அதனை அறிவதற்கு முன் அவ்விடத்தை அறிதல் வேண்டும்.

முக்கூர்த்தி தேசியப் பூங்கா

உதகமண்டலத்திற்கு மேற்கே, தமிழ்நாடு கேரளத்தைத் தொடும் மலைவிளிம்பில் அமைந்துள்ளது முக்கூர்த்தி தேசியப் பூங்கா. 1982ஆம் ஆண்டில் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பெற்ற இப்பகுதி, 1990ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. இதன் பரப்பளவு 78.46 சதுர கிலோமீட்டர். சென்னை மாணவர்கள் நன்கறிந்த கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் என்பதை நினைவிற்கொண்டால் இதன் விரிவு விளங்கும். 1986இல் உருவாக்கப்பெற்ற நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு கூறாகவும் இது விளங்குகிறது. 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களுள் இதுவும் ஒன்று.

பூங்காவிற்குப் பெயர் தந்த முக்கூர்த்தி முடியின் உயரம் 2,554 மீட்டர். நீலகிரியின் தொல்குடியினரான தோடர்கள் இம்முடியைப் புனிதமாகப் போற்றுகின்றனர். வாழ்வை நீத்தோரின் உயிர் இதன் வழியே மறுவுலகு செல்லும் என்பது அவர்தம் நம்பிக்கை. கிழக்கே மேடும் பள்ளமுமாக விரியும் புல்வெளி, மேற்கே திடுமெனச் செங்குத்தாகச் சரிந்து கேரளத்தின் தாழ்நிலக் காடுகளை நோக்கி இறங்குகிறது. இச்செங்குத்துச் சரிவே முக்கூர்த்தியின் மூடுபனிக்கு முதற்காரணம்.

மூடுபனி பிறக்கும் முறை

அரபிக்கடலின் மீது வரும் தென்மேற்குப் பருவக்காற்று நீராவியை மிகுதியாகச் சுமந்து வருகிறது. மலைச்சுவர் குறுக்கிடும்போது அக்காற்று மேலேறியே தீர வேண்டும். உயரம் மிகமிகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். விரியும் காற்று குளிரும். ஈரம் திரளாத காற்று ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்திற்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியசு வெப்பத்தை இழக்கிறது. ஓர் எல்லைக்குப் பின் நீராவி திரண்டு துளிகளாகிறது. அவ்வாறு திரளும்போது சிறிது வெப்பம் வெளிப்படுவதால், அதற்குமேல் காற்று குளிரும் வேகம் குறைகிறது.

நீராவி திரளத் தொடங்கும் உயரத்தில்தான் முகிலின் அடித்தளம் அமைகிறது. தாழ்நிலத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் 'மலைமேல் முகில் தங்கியிருக்கிறது' என்பார். அதே வேளையில் மலைமேல் நிற்பவர் 'மூடுபனி சூழ்ந்துவிட்டது' என்பார். இருவரும் கண்டது ஒன்றே.

நீலகிரியில் இடத்திற்கேற்பப் பனிக்காலமும் மாறுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றை எதிர்கொள்ளும் முக்கூர்த்தி, அவலாஞ்சி, மேல்பவானி ஆகிய மேற்குப் பகுதிகளை மூடுபனியும் மழையும் சூழ்கின்றன. 2019ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குக் காற்று வீசும்போது கிழக்குச் சரிவிலுள்ள குன்னூரும் கோத்தகிரியும் பனியில் மறைகின்றன. திசம்பர், சனவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்க, புல்நுனிகளில் உறைபனி வெண்மையாகப் படிகிறது.

இவ்வேறுபாடுகளைக் குறிக்கத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. பனி, மூடுபனி, உறைபனி, மஞ்சு, மங்குல், முகில் எனச் சொற்கள் பலவாக நிற்கின்றன. மழை என்னும் சொல்லே பழந்தமிழில் முகிலையும் குறித்தது. குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியம் வகுத்தது. மலையைக் குளிரோடும் பனியோடும் சேர்த்தே கண்டனர் நம் முன்னோர்.

சோலை பனியைப் பிடிக்கும் விதம்

மூடுபனியில் உள்ள நீர் எவ்வளவு? ஒரு கனமீட்டர் மூடுபனியில் பெரும்பாலும் அரைக் கிராமிற்கும் குறைவான நீரே உண்டு. 200 கனமீட்டர் கொள்ளளவுள்ள ஒரு வகுப்பறை முழுவதும் மூடுபனி நிறைந்தாலும் அதிலுள்ள நீர் அரைக்குவளையை நிரப்பாது. துளி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு அளவினது. இத்துணைச் சிறிய துளி தானாக விழுவது அரிது. காற்று செல்லும் திசையில் மிதந்து செல்கிறது. அதனைத் தடுத்துப் பிடிப்பதற்கு ஏதேனும் ஒன்று வேண்டும்.

அப்பணியைச் செய்வதுதான் சோலைக்காடு. முக்கூர்த்தியில் மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, முறுகிய கிளைகளையுடைய மரங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் இலைகளையும் கிளைகளையும் பாசிகளும் பெரணிகளும் ஆர்க்கிட் செடிகளும் போர்த்தியுள்ளன. பனி நிறைந்த காற்று இவற்றினூடே புகும்போது, நுண்துளிகள் இலைவிளிம்பிலும் பாசி இழைகளிலும் மோதி ஒட்டிக்கொள்கின்றன, ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கின்றன, பின்னர்ச் சொட்டுகின்றன. காற்று ஓயாது வீசிக்கொண்டே இருப்பதால், ஒரு கனமீட்டரில் சிறிதளவாக இருந்த நீர் நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே வருகிறது. மழை பெய்யாத பொழுதும் சோலைக்குள் நிற்பவர் நனைவதற்குக் காரணம் இதுவே. வெட்டவெளிக்கு வந்தால் மழை இல்லை. மரத்தடிக்குச் சென்றால் சொட்டுகிறது.

காடு இயல்பாகச் செய்யும் இச்செயலை மனிதர் செயற்கையாகச் செய்து பார்த்ததும் உண்டு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் மழையே அரிதான கடற்கரையில் சுங்குங்கோ என்னும் மீனவச் சிற்றூர் உள்ளது. 1990களில், அருகிலுள்ள மலைமீது விரித்துக் கட்டப்பட்ட வலைகளில் படிந்த மூடுபனி நீராகிக் குழாய் வழியே அவ்வூருக்கு வந்தது. சோலைமரத்தின் இலையும் பாசியும் எதைச் செய்கின்றனவோ அதையே அவ்வலைகள் செய்தன.

தெரிந்து தெளிவோம்

மலைமுகட்டில் நிற்பவரின் பின்னால் கதிரவனும் முன்னால் பள்ளத்தில் மூடுபனியும் இருக்குமாயின், அவருடைய நிழல் பெரிதாகப் பனிமீது விழும். தலையைச் சுற்றி வண்ண ஒளிவளையம் ஒன்றும் தோன்றும். செருமனியின் பிராக்கன் மலையில் இக்காட்சி முதலில் விவரிக்கப்பட்டதால் இதனைப் 'பிராக்கன் தோற்றம்' என்பர். பக்கத்தில் நண்பர் நின்றாலும், ஒவ்வொருவரும் தம் தலையைச் சுற்றியே அவ்வளையத்தைக் காண்பர்.

துளியின் பயணம்

முக்கூர்த்தியில் சொட்டிய துளி எங்கே செல்கிறது? முக்கூர்த்தி முடியையொட்டிப் பிறக்கும் பைக்காரா ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. 1932ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பைக்காரா நீர்மின் நிலையம் இவ்வாற்று நீரால் இயங்குவது. மலையிறங்கியபின் மோயாறு என்னும் பெயர் பெற்று, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு இணைகிறது இந்நீர். பவானி, கூடுதுறையில் காவிரியுடன் கலக்கிறது. காவிரியிலிருந்து கொள்ளிடத்தில் பிரிந்து கீழணையை அடையும் நீரின் ஒரு பகுதி, வடவாற்றின் வழியே வீராணம் ஏரியில் சேர்கிறது. 2004ஆம் ஆண்டில் நிறைவேறிய புதிய வீராணம் திட்டம், அந்நீரை 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய்வழியே சென்னைக்குக் கொண்டுவருகிறது.

ஆகவே, தியாகராய நகரின் ஒரு வீட்டுக் குழாயில் வரும் குடிநீரில் முக்கூர்த்திச் சோலையின் இலைநுனியில் திரண்ட துளியும் கலந்திருத்தல் கூடும். வழியில் எத்தனையோ ஓடைகளின் நீரும் வயல்களின் தேவையும் குறுக்கிடுகின்றன. அத்துளியின் பங்கு சிறிதாகவே இருக்கலாம். ஆயினும் மலைக்கும் நகரத்திற்கும் உறவில்லை என்று எவரும் கூற இயலாது.

வரையாடும் புல்வெளியும்

சோலைகளுக்கு இடையே மேடுகளைப் போர்த்தி நிற்பது புல்வெளி. மரங்கள் அழிந்ததால் புல் முளைத்தது என்று முன்பு சிலர் கருதினர். நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள தாவரக் கரிமத்தை ஆராய்ந்த அறிவியலார், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்குப் புல்வெளி இருந்தமையைக் கண்டறிந்தனர். பள்ளங்களில் படியும் உறைபனி மரக்கன்றுகளைக் கருகச் செய்வதும் புல்வெளி நிலைபெற்றமைக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இப்புல்வெளியை நம்பி வாழ்வது தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு. 'வரை' என்றால் மலை. சங்க இலக்கியம் இதனை 'வருடை' எனக் குறிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இவ்விலங்கு இயற்கையாக வாழ்வதில்லை. செங்குத்தான பாறையில் ஏறித் தப்புவதும், தொலைவிலேயே பகையைக் கண்டுகொள்ளும் கூரிய பார்வையுமே இதற்குக் காவல். 1975ஆம் ஆண்டில் இவ்விலங்கினைக் குறித்து முன்னோடி ஆய்வு நிகழ்த்திய இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் நாள் வரையாட்டு நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. தமிழ்நாடு அரசு வரையாட்டுப் பாதுகாப்புத் திட்டத்தை 2022ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வாழும் வரையாடுகள் 1,031. மூடுபனி சூழ்ந்த மாதங்களில் பாறைமீது நிற்கும் விலங்கை எண்ணுதல் இயலாது. ஆதலின் இக்கணக்கெடுப்பு, வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும் கோடைத் தொடக்கத்திலேயே நடைபெறுகிறது.

இன்று இப்புல்வெளிக்குப் பெருங்கேடு விளைப்பவை அயல்நாட்டு மரங்கள். 19ஆம் நூற்றாண்டில் விறகுத் தேவைக்காக ஆத்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட சீகை மரமும் தைல மரமும், பின்னர்ப் பைன் மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. புல்வெளியைப் 'பயனற்ற வெற்றுநிலம்' என அக்காலத்தார் எண்ணியதே இதற்குக் காரணம். சீகை, நட்ட இடத்தோடு நில்லாமல் விதை பரப்பித் தானே பெருகியது. புல் அழிந்தால் வரையாட்டிற்கு மேய்ச்சல் இல்லை. ஓங்கிய மரங்களிடையே பகையைத் தொலைவில் காணவும் வழியில்லை. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையொன்றை வெளியிட்டது. அகற்றுவதும் எளிதன்று. வெட்டிய இடத்தில் மண்ணில் உறங்கும் சீகை விதைகள் மீண்டும் முளைக்கின்றன. அவற்றை ஆண்டுதோறும் பிடுங்கி, நாட்டுப்புல்லை மீண்டும் வேரூன்றச் செய்தல் வேண்டும். மரம் நடுவது எல்லா இடத்திலும் நன்மையாகாது என்பதை முக்கூர்த்தி நமக்கு உணர்த்துகிறது.

பனியினூடே பயணம்

சென்னை சென்ட்ரலில் இரவில் புறப்படும் நீலகிரி விரைவுத் தொடர்வண்டி விடியலில் மேட்டுப்பாளையத்தை அடைகிறது. அங்கிருந்து உதகைக்குச் செல்லும் மலைத் தொடர்வண்டி, ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில் 1,800 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. 2005ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற அவ்வண்டியில் செல்வோர், காற்று உயர உயரக் குளிரும் என்னும் பாடத்தைத் தம் உடலாலேயே உணரலாம்.

சாலைவழிச் செல்வோர் நீலகிரிக்குள் நுழைய மின்னணு அனுமதிச்சீட்டுப் பெறுதல் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பனி சூழும்போது, முகப்பு விளக்கை உயர்த்தி எரியவிடுதல் தவறு. நுண்துளிகள் அவ்வொளியைச் சிதறடித்து ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பிவிடுவதால், எதிரே வெண்சுவர் நிற்பது போலாகிவிடும். ஒளியைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டுச் செல்லுதல் நன்று. சாலை நடுவே வண்டியை நிறுத்தி நிழற்படம் எடுத்தல் உயிருக்கே கேடாகும்.

முக்கூர்த்தியின் உட்பகுதி, விரும்பியவர் விரும்பியபோது சென்று வரும் இடமன்று. வனத்துறையின் அனுமதி இன்றியமையாதது. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில், பார்சன்சு பள்ளத்தாக்கிலிருந்து முக்கூர்த்திக் குடில் வரையிலான வழியும் இடம்பெற்றுள்ளது. பயிற்சி பெற்ற வழிகாட்டியுடனேயே அங்குச் செல்லலாம். உயிர்காக்கும் விதி இது. வெயில் அடிக்கையில் மலைமுடிகளைப் பார்த்துத் திசை அறிபவர், பனி சூழ்ந்ததும் பத்தடிக்கு அப்பால் இருப்பதை அறியார். புல்வெளி ஒரே சீராகத் தோன்றும். அதன் மேற்கு விளிம்போ செங்குத்தாகச் சரியும். அத்தகைய இடத்தில் தனியே வழிதேடி நடப்பது பேரிடர்.

குழுவினின்று பிரிந்துவிட்டதாக உணர்ந்தால், நின்ற இடத்திலேயே நிற்றல் வேண்டும். ஊதலை ஊதியோ குரல் கொடுத்தோ இருப்பிடத்தை அறிவித்தல் வேண்டும். தேடி வருவோர் இறுதியாகக் கண்ட இடத்திலிருந்தே தேடத் தொடங்குவர். நடந்துகொண்டே இருப்பவரைக் கண்டுபிடிப்பது கடினம்.

உடைகளிலும் கவனம் தேவை. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். பனியில் நனைந்த பருத்தி ஆடையின்மேல் காற்று வீசினால், கடுங்குளிர் இல்லாத நாளிலும் உடல்வெப்பம் விரைந்து குறையும். நடுக்கம், பேச்சில் தடுமாற்றம், மயக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். மழைக்காப்பு மேலாடையும், மாற்றுடையும், உலர்ந்த கம்பளி உடையும் உடன்கொண்டு செல்லுதல் நலம். கால்களில் ஏறும் அட்டைகளுக்காக அஞ்சவேண்டியதில்லை. நீண்ட காலுறை போதும்.

பனியில் காட்டுயிர்களும் நம்மை எளிதில் காண இயலாது என்பதை மறத்தலாகாது. திடீரென அருகில் எதிர்ப்பட்டால் காட்டெருமையும் யானையும் அஞ்சித் தாக்கக்கூடும். உரக்கப் பாடுவதும் ஒலிபெருக்கி இசைப்பதும் கூடாது. குட்டி ஈனும் பருவத்தில் வரையாடுகளுக்கு அமைதி தேவை. இதன்பொருட்டே கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் அப்பருவத்தில் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது.

அண்மையில் உள்ளதைக் காணுதல்

தொலைக்காட்சி மறைந்த நாளில் கண்கள் அருகிலிருப்பதை நோக்கத் தொடங்குகின்றன. சிலந்திவலை ஒவ்வொன்றும் துளிகளைக் கோத்து நிற்கும். காட்டுப் பூவரசின் செம்மலர்கள் பனிக்குள் தனித்துத் தெரியும். பாசி படர்ந்த பாறையில் ஒரு சாண் அளவிற்குள் நான்கைந்து வகைச் சிறுதாவரங்களை எண்ணலாம். நீலகிரிச் சிரிப்பானின் குரல் சோலைக்குள்ளிருந்து ஒலிக்கும். சோலை விளிம்பில் சற்று நேரம் அசையாது நின்றால், இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஒலியைக் கேட்கலாம். பைக்காரா ஆறு பிறக்கும் ஒலி அது. அதனைக் கேட்டவர், மலையில் ஒன்றும் காணவில்லை என்று கூறமாட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிற்குக் குடிநீர் எந்த நீர்நிலையிலிருந்து வருகிறது என்பதைக் கேட்டறிந்து, அந்நீர் பிறக்கும் இடம் வரையிலான வழியை வரைபடமாக்குக.

2. மார்கழி மாதத்தில் பத்து நாள்கள் விடியற்காலையில் உங்கள் பகுதியில் பனி தோன்றும் நேரத்தையும் கலையும் நேரத்தையும் குறித்து, வானம் தெளிந்திருந்த இரவுகளோடு ஒப்பிடுக.

3. 'எல்லா நிலத்திலும் மரம் நடுதல் நன்றா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.